மகப்பேறு உதவிப் படிவத்தில் இருக்கும் பெயர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு நம் குடியிருப்பிலும் இண்டூரிலும் பலர் விண்ணப்பித்திருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே இடம் பெற்று, 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

1923ல் தங்கை புற்றுநோயால் இறந்தது அவரை உலுக்கிவிட்டது. 1925ல் லண்டன் சென்று பெண்களின் நோய்களையும் புற்றுநோயையும் பற்றிப் படித்தார். ஊர் திரும்பியதும் அரசியல் அழைத்தது. 1927ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார்; தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். விடுதிகளில் இடம் கிடைக்காமல் தன் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமிகளுக்காகவே அவ்வை இல்லம் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுதாக வர 1947 ஆனது.

புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்னும் அதிகக் காத்திருப்பு. இந்த நோய் வந்தால் பிழைக்கவா போகிறார்கள் என்று நினைத்த காலம் அது. வீடு வீடாகப் பணம் திரட்டி, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு திறந்தார். தங்கை இறந்து 31 ஆண்டுகள்! மகன் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

சென்னைப் பெண்களிடம் பல்லாண்டு அதிகம் காணப்பட்டது கருப்பைவாய்ப் புற்றுநோய். அதற்குக் காரணம் உடலுறவு வழியே பரவும் ஹெச்பிவி வைரஸ் என்பது, அவர் 1968ல் மறைந்த பிறகே உறுதியானது. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.