பொம்மைகளுக்குப் பின்னால் இருந்த பெண்: மேமி ஃபிப்ஸ் கிளார்க்

கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வைக் குறித்து நம் கூட்டங்களில் கேட்டிராதவர் குறைவு. நிறவெறி குழந்தையின் மனத்தில் ஏற்படுத்தும் காயத்துக்கும், சாதி நம் பிள்ளைகளுக்குச் செய்வதற்கும் அதனைச் சான்றாகக் காட்டுகிறோம். ஆனால், அந்த ஆய்வுக்கு வித்திட்ட பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை. காயத்தை அளந்ததோடு நில்லாமல், அதற்கு மருந்திட ஓர் இடத்தையும் அவர் உருவாக்கினார் என்பதை அதைவிடக் குறைவாகவே அறிந்திருக்கிறோம்.

மேமி ஃபிப்ஸ் 1917 ஏப்ரல் 18 அன்று ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஹரால்ட் ஃபிப்ஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மருத்துவர். வீட்டில் வறுமை இல்லை. எனினும் கறுப்பினக் குழந்தைகளுக்கான தனிப்பள்ளியே அவருக்கும் வாய்த்தது. ஆறு வயதில் ஊரில் நடந்த கும்பல் படுகொலையின் நினைவு அவரை விட்டு அகலவேயில்லை.

1934இல் கணிதம் பயில ஹோவர்ட் பல்கலைக்கழகம் சென்றவர், கென்னத் கிளார்க் என்னும் மாணவரின் தூண்டுதலால் உளவியலுக்கு மாறினார்; அவரையே மணந்துகொண்டார். 1938ஆம் ஆண்டுக் கோடையில் வழக்கறிஞர் சார்லஸ் ஹியூஸ்டனின் அலுவலகத்தில் பணியாற்றியபோது, நிற ஒதுக்கலுக்கு எதிரான வழக்குகள் உருவாவதை அருகிலிருந்து கண்டார். கறுப்பினக் குழந்தைகள் தம்மைக் கறுப்பர் என எந்த வயதில், எவ்வாறு உணரத் தொடங்குகின்றனர் என்பதே அவரது முதுகலை ஆய்வு. பொம்மை ஆய்வு அதிலிருந்து கிளைத்தது. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 குழந்தைகளைத் தம்பதியர் சோதித்தனர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். உன்னைப்போல் இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. தனிப்பள்ளிச் சட்டம் இல்லாத வட மாநிலக் குழந்தைகளிடமும் இப்போக்கு குறையவில்லை என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பள்ளிக் கதவைச் சட்டம் திறந்துவிட்டாலும் காயம் தானே ஆறிவிடாது என்பதற்கான அறிகுறி அதில் இருந்தது.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேமி 1943இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரது நெறியாளர் ஹென்றி காரெட், வெள்ளையரே அறிவில் உயர்ந்தவர் என்று நம்பியவர். 1952இல் வர்ஜீனியா பள்ளி வழக்கில் காரெட் ஒதுக்கலுக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். அதே வழக்கில் அவரது வாதத்தை மறுக்கச் சாட்சிக் கூண்டேறினார் அவரது முன்னாள் மாணவி. தனிப்பள்ளிகளைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலோ தம்பதியரில் கென்னத் கிளார்க்கின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. தலித் இயக்க வரலாற்றில் பெண்களின் பெயர்கள் உதிர்ந்துபோன விதத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பட்டம் பெற்றும் தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. சில காலம் செவிலியர் குறித்த புள்ளிவிவரங்களைத் தொகுத்தார், அவ்வேலையை வெறுத்தார். பின்னர் வீடற்ற கறுப்பினச் சிறுமியருக்கான இல்லம் ஒன்றில் உளவியல் சோதனைகள் நடத்தும் பணி அமைந்தது. அச்சிறுமியரை அனுப்ப நியூயார்க் மாநகரில் மனநல சேவைகள் ஏறக்குறைய இல்லை என்பதை அங்கேதான் கண்டார். ஹார்லெமில் சேவையைத் தொடங்குமாறு இருந்த அமைப்புகளிடம் தம்பதியர் கேட்டனர். எதுவும் முன்வரவில்லை. தந்தையிடம் கடனாகப் பெற்ற 946 டாலரைக் கொண்டு 1946இல் டன்பார் குடியிருப்பின் நிலவறையில் தாமே ஒரு நிலையத்தைத் திறந்தனர். அறிஞர் டு பாய்ஸ் ஒரு காலத்தில் வாழ்ந்த குடியிருப்பு அது. அவருக்கு அம்பேத்கர் கடிதம் எழுதியதும் அதே 1946இல்தான்.

மனநல நிலையத்துக்குப் போனால் பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம் ஹார்லெம் தாய்மாரிடமும் இருந்தது. அவர்களை வரவழைத்தது வேறொரு கோபம். பள்ளிகள் அவர்களது பிள்ளைகளை அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் தள்ளியிருந்தன. மேமியின் நிலையம் அப்பிள்ளைகளைச் சோதித்தது. பெரும்பாலோருக்கு அவ்வகுப்பில் இருக்க எந்தக் காரணமும் இல்லை என்று தெரியவந்தது. குறை பிள்ளையிடம் இல்லை என்று ஒரு தாய் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போவதே அங்கே சிகிச்சையின் தொடக்கமாயிற்று.

விரைவிலேயே நிலையத்துக்குள் ஒரு மோதல் எழுந்தது. நிர்வாகக் குழுவில் இருந்தோர் சிலர் உளப்பகுப்பாய்வையே மையமாக்க விரும்பினர். கிளார்க் தம்பதியர் உடன்படவில்லை. வாசிப்புப் பயிற்சியும் வீட்டு வாடகைச் சிக்கலும் பள்ளியோடு நடத்தும் சண்டையும் சிகிச்சைக்கு வெளியே நிற்பவை அல்ல என்றனர். புறத்தே அவமதிப்பு தொடர்கையில், அதைப் பேசாமல் அகத்தை மட்டும் சீராக்க முனைவது நோயாளியையே குற்றவாளியாக்கும் என்பது அவர்கள் நிலைப்பாடு. மேமி சரியாகவே நின்றார் என்று கருதுகிறேன்.

இந்த விவாதம் அணைக்கட்டுக்குத் தொலைவானதன்று. ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி என நீளும் தோல் தொழிற்பகுதியில், ஷூ கம்பெனி வேனுக்காக விடியுமுன் சாலையில் நிற்கும் பெண்களில் தலித் பெண்கள் ஏராளம். தூக்கமின்மை, ஓயாத தலைவலி என்று அவர்கள் மருத்துவரிடம் போகும்போது சத்து ஊசியும் மாத்திரையும் கிடைக்கும். ஆலையில் யார் எந்தச் சொல்லால் அழைத்தார், தெருவின் பெயரைச் சொன்னதும் எவர் முகம் மாறியது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் வழக்கத்தை மாற்றிப் பார்த்த வட்டாரம்தான் இது. அருகிலுள்ள பாகாயத்தில் 1957 முதல் இயங்கிவரும் சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. குடும்பத்தை உள்ளே அழைத்தது பெரிய மாற்றம். மனநல சிகிச்சை தரும் எந்த அறைக்குள்ளும் தெருவையும் ஆலையையும் அழைத்துவரும் பணி மீதமிருக்கிறது. அதற்கு நம் சேரிகளிலிருந்து உளவியல் பயின்று வரும் பெண்கள் வேண்டும். கல்லூரிகளில் இருக்கும் தோழர்கள் இத்துறையைத் தேர்ந்தெடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மேமி தம் நிலையத்தை 1979 வரை தாமே நடத்தினார். புகழ் பெரும்பாலும் கணவருக்கே சென்றது. கென்னத்தோ, ஆய்வு முதலில் மேமியுடையது என்று சொல்லத் தவறவில்லை. 1983 ஆகஸ்ட் 11 அன்று புற்றுநோயால் மேமி மறைந்தார். நார்த்சைடு குழந்தை வளர்ச்சி நிலையம் என்ற பெயரில் அவ்விடம் இன்றும் ஹார்லெம் பிள்ளைகளையும் அவர்களது தாய்மாரையும் வரவேற்றுக்கொண்டிருக்கிறது.