ஓவிய மன்னர் இரவிவர்மா

முன்னுரை

நாட்றாம்பாளையத்தில் பல வீடுகளில் கலைமகளையும் திருமகளையும் நாள்காட்டியிலோ பூசையறைப் படத்திலோ காணலாம். அவ்வுருவங்களை எளியோர் இல்லங்களுக்குக் கொண்டு வந்தவர் யார் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. எங்களை எண்ண வைத்தவை மூன்று நாய்கள்.

எங்கள் விடுதியைக் காத்த மணி, கருப்பன், செவலை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துவிட்டன. நம் ஊர் காட்டோரம் உள்ளது. கேழ்வரகு விளையும் காலத்தில் யானைகள் இறங்கும். அப்போது முதலில் குரைப்பவன் கருப்பனே. அவர்கள் நினைவாக ஓர் ஓவியம் தீட்டி விடுதி வாயிலில் மாட்ட விரும்பினோம். ஆனால் அவர்களுக்கெனத் தனிப் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. ஆண்டுதோறும் எடுத்த வகுப்புக் குழுப்படங்களின் ஓரத்தில்தான் இருந்தார்கள். ஒன்றில் செவலையின் பாதி முகம். மற்றொன்றில் கருப்பன் வெறும் கரிய திட்டு. திகைத்து நின்ற எங்களிடம் ஓவிய ஆசிரியை இரவிவர்மாவின் வரலாற்றைப் படிக்கச் சொன்னார். படித்தறிந்ததை இங்கே தருகிறோம்.

பிறப்பும் இளமையும்

இரவிவர்மா திருவிதாங்கூர் நாட்டில், கிளிமானூர் அரண்மனையில், 29-4-1848 அன்று பிறந்தார். சிறுவயதில் சுவரெல்லாம் கரித்துண்டால் படம் வரைவார். ஓவியம் அறிந்த அவருடைய மாமா இராஜராஜவர்மா அதைக் கண்டு சினக்கவில்லை, மகிழ்ந்தார். 1862ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவைப் பெற்றுத் தந்தார்.

அக்காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டில் புதிது. அரண்மனை ஓவியர் மதுரை இராமசாமி நாயுடு அதனைக் கற்றுத்தர முன்வரவில்லை. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரோ, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். அதுவே போதும் என்று இரவிவர்மா பார்த்துப் பார்த்தே கற்றார். பலமுறை தவறிய பின்னரே வண்ணங்கள் அவர் கைக்குப் பணிந்தன.

புகழின் உச்சி

1870இல் கோழிக்கோட்டுக் கிருஷ்ண மேனனின் குடும்பத்தாரை ஒரே ஓவியத்தில் வரைந்தார். ஊதியம் பெற்று அவர் வரைந்த முதல் ஓவியம் இதுவே. 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குப் பத்து ஓவியங்களை அனுப்பிப் பதக்கங்கள் பெற்றார்.

அப்பத்தில் ஒன்று எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. அதில் அவர் மகள் மகாபிரபா குழந்தையை ஏந்தி, தந்தை வருவதைக் காட்டி நிற்கிறார். உடன் ஒரு நாயும் உள்ளது. தந்தை படத்தில் இல்லை. இருந்தும், அவர் வருகிறார் என்பது நமக்குத் தெரிகிறது.

புகைப்படத்தின் துணை

உருவப்படம் வரைகையில் இரவிவர்மா புகைப்படங்களையும் துணையாகக் கொண்டார். 1901இல் உதயப்பூருக்குச் சென்றபோது மகாராணா பிரதாப்பை வரைந்தார். மகாராணா மறைந்தது 1597இல். அவருக்குப் புகைப்படம் ஏது? அதை அறிந்தபின் எங்கள் மங்கிய குழுப்படங்கள் பெருஞ்செல்வமாகத் தோன்றின.

படங்களை நகலெடுத்து ஓர் அங்குலக் கட்டங்கள் போட்டோம். வரைதாளில் நான்கு அங்குலக் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றாக வரைந்தோம். கேமராவுக்கு அருகில் நின்ற மணி பெரியவனாகவும், தொலைவில் நின்ற கருப்பன் குட்டியாகவும் வந்தார்கள். விடுதிச் சமையல் ஆயாவைக் கேட்டோம். கருப்பனே உயரமானவன் என்றும், செவலைக்கு இடக்காது கிழிந்திருக்கும் என்றும் ஆயா சொன்னார். அளவைத் திருத்தினோம், காதையும் திருத்தினோம்.

உடன்பிறந்தோர்

இரவிவர்மாவின் தம்பி சி. இராஜராஜவர்மாவும் சிறந்த ஓவியர். ஊர் ஊராக அண்ணனுடன் சென்று உடனிருந்து உழைத்தார். 1894இல் பம்பாயில் அவர்கள் தொடங்கிய கல்லச்சுக் கூடத்தின் மூலமே தெய்வப் படங்கள் எளிய மக்களையும் எட்டின. ஆயினும் அச்சகத்தால் கடன் பெருகவே, அதனை விற்க நேர்ந்தது. 1905இல் தம்பியும் மறைந்தார். அத்துயரிலும், மைசூர் மன்னருக்காக ஏற்ற பணியை இரவிவர்மா கைவிடவில்லை. அவருடைய ஓவியங்களை மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இன்றும் காணலாம். 2-10-1906 அன்று அவர் இயற்கை எய்தினார்.

அவர் தங்கை மங்களாபாயும் ஓவியரே என்பது மாணவியராகிய எங்களுக்குப் பெருமை தருகிறது. எத்தனையோ பேரின் முகங்களைத் தீட்டிய அண்ணனின் முகத்தை அத்தங்கை தீட்டினார்.

முடிவுரை

எங்கள் ஓவியமும் ஒருவாறு முடிந்தது. கருப்பனின் முகம் மட்டும் எந்தப் படத்திலும் கிட்டவில்லை. ஆளுக்கொரு விதமாக நினைவு கூர்ந்தோம், வாதாடினோம், ஒருத்தி அழுதும் விட்டாள். அறியாத முகத்தை அறிந்ததுபோல் வரைய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே மணியும் செவலையும் எங்களை நோக்க, கருப்பன் மட்டும் முகம் திருப்பிக் காட்டைப் பார்ப்பதாக வரைந்தோம். அவன் எதையோ கேட்டுவிட்டான் என்பது பார்ப்பவர்க்குப் புரியும்.

அடுத்த ஆண்டு நாங்கள் இவ்விடுதியில் இருக்க மாட்டோம். புதிதாக வரும் தங்கையர் அம்மூவரையும் கண்டதில்லை. வாயிலில் நின்று அவர்கள் யாரென்று கேட்டால், ஆயா சொல்லுவார்.

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி