ஜோசப் ஒசான்னா

ஜோசப் பிராங்க் ஒசான்னா (டிசம்பர் 10, 1928 – நவம்பர் 28, 1977) அமெரிக்காவைச் சேர்ந்த மின் பொறியியலாளரும் கணினி நிரலாளரும் ஆவார். ஜோ ஒசான்னா என்று பரவலாக அறியப்படும் இவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் அமைந்திருந்த பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றினார். யுனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்ககாலக் குழுவினருள் ஒருவர். ஆவணங்களை வடிவமைத்து அச்சுக்குத் தரும் என்ராஃப், டிராஃப் ஆகிய நிரல்களை உருவாக்கியவர். யுனிக்ஸ் கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்கள் இந்நிரல்களுக்குரிய மொழியிலேயே எழுதப்பட்டு வந்துள்ளன. கட்டளை வரிக் கருவி ஒன்றின் மூலநிரலிலிருந்து அதன் கையேட்டுப் பக்கத்தைத் தானாக உருவாக்கும் செயலிகள் பலவும் இம்மொழியிலேயே தமது வெளியீட்டைத் தருகின்றன.

இளமையும் கல்வியும்

ஒசான்னா மிச்சிகன் மாநிலத்தின் டிட்ராயிட் நகரில் பிறந்தார். அந்நகரில் உள்ள வெய்ன் அரசுப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று 1952 ஆம் ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் பெல் ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இணைந்தார்.

பெல் ஆய்வகப் பணி

ஆய்வகத்தில் இவரது தொடக்ககாலப் பணிகள் மின்னணுவியலையும் தொலைத்தொடர்பையும் சார்ந்தவை. இரைச்சல் குறைந்த மிகைப்பிகளின் வடிவமைப்பு, பின்னூட்ட மிகைப்பிகள், செயற்கைக்கோளை நோக்கி உணர்கொம்பைத் திருப்ப வேண்டிய கோணத்தை முன்கணித்தல், நகர்பேசி வானொலி அலைகளின் மங்கல் பற்றிய கோட்பாடு, புள்ளியியல் தரவுச் செயலாக்கம் ஆகிய துறைகளில் இவர் ஈடுபட்டார். எதிரொலி கலந்த குறிகைகளைப் பகுத்தாய்வது குறித்துப் புரூஸ் போகர்ட்டுடன் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1966 இல் வெளியானது. மரே ஹில் கணிப்பு மையத்தை இயக்கும் பணியிலும் இவருக்குப் பங்கு இருந்தது.

மல்டிக்ஸ்

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வகம் ஆகிய மூன்றும் 1960களின் நடுவில் மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கூட்டாக உருவாக்க முற்பட்டன. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கு வழி செய்வதே இதன் நோக்கம். இத்திட்டத்தில் ஒசான்னா மென்பொருள் வடிவமைப்பில் பங்கேற்றார். 1965 இல் நடைபெற்ற கணினி மாநாட்டில் மல்டிக்ஸ் பற்றி அளிக்கப்பட்ட கட்டுரைகளுள், உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு பற்றிய கட்டுரையின் ஆசிரியர்களுள் இவரும் ஒருவர்.

1969 இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அதில் கடைசிவரை ஈடுபட்டிருந்தவர்களுள் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி, டக்ளஸ் மெக்கில்ராய், ஒசான்னா ஆகியோர் இருந்தனர். இவர்கள் மாற்று இயங்குதளம் ஒன்றை உருவாக்க எண்ணினர். அதற்கெனப் பெரிய கணினி ஒன்றை வாங்கித் தருமாறு ஆய்வக நிருவாகத்திடம் இவர்கள் அளித்த முன்மொழிவுகள் ஏற்கப்படவில்லை. எனவே தாம்சன், அதிகம் பயன்படுத்தப்படாமல் இருந்த பிடிபி-7 என்னும் சிறு கணினியில் புதிய இயங்குதளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் யுனிக்ஸ் எனப் பெயர் பெற்றது.

பிடிபி-11 கணினியும் காப்புரிமைத் துறையும்

1970 இல் குழுவினர் மீண்டும் ஒரு கணினி கோரினர். இம்முறை இயங்குதள ஆய்வு என்ற பெயரில் கேட்காமல், ஆவணங்களைத் தயாரிக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்குவதற்காகக் கேட்டனர். இம்முன்மொழிவில் ஒசான்னா முக்கியப் பங்கு வகித்தார். லீ மக்மேகனின் ஆதரவும் கிடைத்தது. ஏறக்குறைய 65,000 டாலர் மதிப்புள்ள பிடிபி-11 கணினி இவ்வாறு கிடைத்தது. கணினி 1970 கோடையின் இறுதியில் வந்து சேர்ந்தது. அதற்குரிய வட்டு டிசம்பரில்தான் வந்தது. அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட்டு.

அந்நாளில் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை, தட்டச்சுப் பணிக்கெனச் சந்தையில் கிடைத்த கணினி அமைப்பு ஒன்றை வாங்க எண்ணியிருந்தது. காப்புரிமை விண்ணப்பங்களில் ஒவ்வொரு வரிக்கும் எண் இடப்பட வேண்டும். சந்தையில் இருந்த அமைப்பால் அது இயலவில்லை. யுனிக்ஸ் குழுவினர் தமது ராஃப் நிரலில் அவ்வசதியை விரைவில் சேர்த்தனர். 1971 இல் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள் மூவர் பகற்பொழுதில் யுனிக்ஸ் கணினியில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தனர். நிரலாளர்கள் அதே கணினியில் இயங்குதளத்தை மேம்படுத்தி வந்தனர். நினைவகப் பாதுகாப்பு வசதி இல்லாத கணினி என்பதால் ஒருவரது பிழையான நிரல் அனைவரது வேலையையும் நிறுத்திவிடக்கூடும். இருப்பினும் முயற்சி வெற்றி பெற்றது. அடுத்து பெரிய பிடிபி-11/45 கணினி வாங்கப்பட்டது. ஆய்வகத்துக்கு வேண்டிய கருவிகளைத் திரட்டுவதிலும் முதல் வெளிப் பயனர்களை ஈர்ப்பதிலும் ஒசான்னாவுக்கு இருந்த திறமையை மெக்கில்ராய் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

ராஃப் நிரலும் கட்டளைக் கையேடும்

ஆவணத்தை வடிவமைக்கும் நிரல்களின் வரலாறு இதற்கு முந்தியது. 1964 வாக்கில் ஜெரோம் சால்ட்சர் ரன்ஆஃப் என்னும் நிரலை எழுதினார். அதைப் பின்பற்றி மெக்கில்ராய் ராஃப் என்னும் நிரலை மல்டிக்ஸில் எழுதினார். அது பிடிபி-7 கணினிக்கும், பின்னர் பிடிபி-11 கணினிக்கும் மாற்றி எழுதப்பட்டது.

தாம்சனும் ரிட்ச்சியும் எழுதிய யுனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதல் பதிப்பு நவம்பர் 3, 1971 நாளிட்டது. ராஃப் நிரலால் வடிவமைக்கப்பட்ட இக்கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பெயர், பயன்படுத்தும் முறையின் சுருக்கம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், காண்க, பிழைச் செய்திகள், அறியப்பட்ட குறைகள் என்ற வரிசையில் அப்பதிவுகள் அமைந்தன. கட்டளைக்குப் பொறுப்பானவரின் பெயரும் இடம்பெற்றது. இவ்வமைப்பு சிறு மாற்றங்களுடன் இன்றும் தொடர்கிறது.

என்ராஃப், டிராஃப்

ராஃப் நிரலின் வசதிகள் வரையறைக்கு உட்பட்டவை. பக்க அமைப்பைப் பயனரே தீர்மானிக்கும் வகையில் ஒசான்னா என்ராஃப் என்னும் புதிய நிரலை உருவாக்கினார். இது தட்டச்சு முனையங்களுக்கு ஏற்ற வெளியீட்டைத் தந்தது.

பின்னர் ஆய்வகத்துக்குக் கிராபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கேட் என்னும் ஒளி அச்சுக்கோர்ப்பு இயந்திரம் வந்தது. படச்சுருளில் உள்ள எழுத்துருக்களின் வழியே ஒளியைச் செலுத்தி ஒளிப்படத் தாளில் எழுத்துகளைப் பதிப்பது இவ்வியந்திரத்தின் முறையாகும். ஒரு நேரத்தில் நான்கு எழுத்துருக்களை, 15 அளவுகளில் இதில் பயன்படுத்தலாம். இதனை இயக்குவதற்காக ஒசான்னா 1973 இல் டிராஃப் நிரலைப் பிடிபி-11 கணினியின் அசெம்பிளி மொழியில் எழுதினார். 1975 வாக்கில் அதனைச் சி மொழியில் மாற்றி எழுதினார். இவ்விரு நிரல்களுக்கும் இவர் எழுதிய பயனர் கையேடு அக்டோபர் 11, 1976 நாளிட்டது.

இயங்கும் முறை

டிராஃப் நிரலுக்கான உள்ளீடு சாதாரண உரைக் கோப்பாகும். புள்ளியில் தொடங்கும் வரிகள் கட்டளைகளாகக் கொள்ளப்படும். ஏனையவை அச்சிட வேண்டிய உரை. வரியை முறித்தல், இடைவெளி விடுதல், நடுவில் அமைத்தல் போன்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துப் பெயர் உண்டு. பல கட்டளைகளைத் தொகுத்து மேக்ரோ என்னும் புதிய கட்டளையாகப் பெயரிடலாம். எண்களைச் சேமித்து வைக்கவும், நிபந்தனையைச் சோதிக்கவும், பக்கத்தின் குறிப்பிட்ட இடத்தை அடைந்ததும் ஒரு செயலைத் தொடங்கவும் இயலும். ஆகவே இது ஆவணத்துக்கென அமைந்த நிரலாக்க மொழி எனலாம்.

கணினியின் நினைவகம் சிறிதாக இருந்ததால் டிராஃபில் மேலும் வசதிகளைச் சேர்ப்பது கடினமாயிற்று. எனவே பிறர் தனி முன்செயலிகளை எழுதினர். பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் எழுதிய ஈக்யூஎன் கணிதச் சமன்பாடுகளையும், மைக் லெஸ்க் எழுதிய டிபிஎல் அட்டவணைகளையும் டிராஃப் மொழிக்கு மாற்றித் தந்தன. டிராஃப் மொழியை மனிதர் மட்டுமன்றி நிரல்களும் எழுதலாம் என்பது இதனால் நிறுவப்பட்டது.

மறைவு

டிராஃப் நிரலை மேலும் எளிதாகப் பயன்படுத்தும் வகையில் மீண்டும் ஒருமுறை மாற்றி எழுத ஒசான்னா திட்டமிட்டிருந்தார். அது நிறைவேறுமுன், இதய நோயின் விளைவாக நவம்பர் 28, 1977 அன்று தமது 48 ஆம் அகவையில் காலமானார். அடுத்த ஆண்டு கெர்னிகனும் ரிட்ச்சியும் வெளியிட்ட சி நிரலாக்க மொழி பற்றிய நூல், யுனிக்ஸ் கணினியால் இயக்கப்பட்ட அதே வகை ஒளி அச்சுக்கோர்ப்பு இயந்திரத்தில் அச்சுக்கோர்க்கப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற டிராஃப் மூலநிரல், விளக்கக் குறிப்புகள் இல்லாத ஏறத்தாழ 7,000 வரிகளைக் கொண்டிருந்தது. நிரலைப் பயன்படுத்துவோருக்கு விரிவான கையேடு இருந்தது. நிரலைத் திருத்த வேண்டியவருக்கு அத்தகைய வழிகாட்டி இல்லை. மேலும் அந்நிரல் கேட் இயந்திரத்தின் இயல்புகளோடு பிணைந்திருந்தது. அவ்வியந்திரம் வழக்கொழியத் தொடங்கியதால் நிரலும் பயனற்றுப் போகும் நிலை ஏற்பட்டது. 1979 இல் கெர்னிகன் அம்மூலநிரலை ஆராய்ந்து, எந்த அச்சு இயந்திரத்துக்கும் பொருந்தும் இடைநிலை வெளியீட்டைத் தருமாறு அதனை மாற்றினார். இதனால் முன்னர் எழுதப்பட்ட ஆவணங்கள் கைவிடப்படாமல் காக்கப்பட்டன.

மூலநிரலிலிருந்து கையேடு

1979 இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கையேட்டுப் பக்கங்களுக்கென மெக்கில்ராய் அமைத்த மேக்ரோ தொகுப்பு இடம்பெற்றது. கையேட்டின் பெயர் வரிகளிலிருந்து சொல்லடைவு தானாகவே தயாரிக்கப்பட்டது. ஆயினும் பக்கங்களை நிரலாளர்களே தனியாக எழுதி வந்தனர். நிரலில் புதிய தெரிவு ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கையேட்டைத் திருத்த மறந்தால் இரண்டும் முரண்படும். இக்குறையைப் போக்கவே, விளக்கத்தை மூலநிரலுக்குள் வைத்து அங்கிருந்து கையேட்டைப் பெறும் முறைகள் தோன்றின.

பெர்ல் மொழியில் நிரலோடு சேர்த்து எழுதப்படும் பாட் என்னும் விளக்கவுரையை, பாட்2மேன் செயலி கையேட்டுப் பக்கமாக மாற்றுகிறது. மூலநிரலில் உள்ள விளக்கக் குறிப்புகளைத் திரட்டும் டாக்சிஜன் செயலியும் கையேட்டுப் பக்கங்களை வெளியிட வல்லது. குனூ திட்டத்தின் ஹெல்ப்2மேன், கருவியை உதவித் தெரிவுடன் இயக்கி, அது தரும் விளக்கத்திலிருந்து பக்கத்தைத் தயாரிக்கிறது. கோ மொழிக்கான கோப்ரா, ரஸ்ட் மொழிக்கான கிளாப் ஆகிய நூலகங்களைப் பயன்படுத்தும் நிரல்களில், கட்டளையையும் தெரிவுகளையும் வரையறுக்கும் நிரல் வரிகளிலிருந்தே பக்கத்தைப் பெறலாம்.

இச்செயலிகள் ஒசான்னாவின் மொழிக்குரிய விதிகளைக் கவனிக்க வேண்டியுள்ளது. விளக்கத்தில் ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது கட்டளை எனக் கொள்ளப்பட்டு அச்சில் மறைந்துவிடக்கூடும். தெரிவுகளின் முன்வரும் சிறுகோட்டுக்கு முன் பின்சாய்கோடு இடாவிட்டால் அது சொல்லிணைப்புக் கோடாக அச்சாகலாம். அவ்வாறு அச்சானதைப் படியெடுத்து முனையத்தில் இட்டால் கட்டளை இயங்காது.

மரபு

ஜேம்ஸ் கிளார்க் எழுதிய குராஃப் என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் பதிப்பு 1990 இல் வெளியானது. டிராஃப் மொழியை ஏற்கும் இந்நிரல் லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் கையேட்டுப் பக்கங்களைக் காட்டப் பயன்படுகிறது. முனையத்தில் கையேட்டுக் கட்டளை இடப்படும்போது, ஒசான்னா வகுத்த புள்ளி வரிகளைப் படித்தே இந்நிரல் பக்கத்தை அமைத்துத் தருகிறது.