அயர்ன் பாக்ஸ் ‘க்ளிக்’ சத்தத்துக்குப் பின்னால் ஒரு தச்சர்: யார் இந்த ஜான் ஹாரிசன்?

பழவேற்காடு மீனவக் கிராமமோ, லண்டனோ... அயர்ன் பாக்ஸ் தேவையான சூடு வந்ததும் ‘க்ளிக்’ என்று தானாக ஆஃப் ஆகிடும். குளிர்நாட்டு வீடுகளில் கேஸ் ஃபர்னஸ் எல்லை மீறிச் சூடானால் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச்சுக்கும் இதே டெக்னிக்தான். இதற்கு விதை போட்டவர் ஜான் ஹாரிசன்.

1693-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர், தச்சர். பழவேற்காடு வந்த டச்சுக் கப்பல்கள் உட்பட, அன்று எந்தக் கப்பலுக்கும் கிழக்கு மேற்காகத் தான் எங்கே இருக்கிறோம் என நடுக்கடலில் துல்லியமாகத் தெரியாது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைத் தவறாமல் காட்டும் கடிகாரம் இருந்தால் கணக்கிடலாம். ஆனால், வெயிலும் குளிரும் கடிகாரத்தைக் குழப்பின. தீர்வுக்கு 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது.

ஹாரிசன் பித்தளையையும் எஃகையும் ஒரே பட்டையாக இணைத்தார். சூட்டில் பித்தளை அதிகம் விரிவதால் பட்டை வளையும். அந்த வளைவை வைத்தே கடிகாரத்தைச் சரிசெய்தார். இந்தப் பட்டை வந்த மூன்றாவது கடிகாரத்துக்கு மட்டும் 19 ஆண்டுகள்!

நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாட்களில் பிசகு சுமார் 5 விநாடிதான். ஆனாலும் பரிசுக் குழு மேலும் சோதனை கேட்டது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு, 1773-ல், 80 வயதில்தான் மீதிப் பெருந்தொகை கிடைத்தது. 1776-ல் காலமானார்.

அந்த வளைவுதான் பின்னாளில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆனது. அது அடிக்கடி கட் ஆனால் பைபாஸ் பண்ணாதீங்க. முதலில் ஏன் சூடாகுதுன்னு பார்க்கணும். ஃபர்னஸில் அடைபட்ட ஃபில்டரே காரணமாக இருக்கலாம். ஸ்விட்ச்சே பழுது என்றால், அதே வெப்ப அளவில்தான் புதுசு மாற்றணும்.