திருப்பெரும்பூதூர் கண்ட முதலமைச்சர்

நாட்டை ஆளும் பொறுப்பை மேற்கொண்டோர்க்கு மக்களின் நன்மதிப்பே உயிர்நிலையாம். அதனைப் பெறுதல் அரிது. பெற்றதனை இறுதிவரை காத்தலோ அதனினும் அரிது. இவ்வுண்மையைத் தம் வாழ்வினாலேயே விளக்கிச் சென்றவர், தொண்டைநாட்டில் தோன்றித் திருப்பெரும்பூதூர்த் தொகுதியின் பிரதிநிதியாய்ச் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சர் பதவிவரை உயர்ந்த திரு. எம். பக்தவத்சலம் அவர்கள். அன்னாரது வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரையலுற்றேன்.

பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டை என்னும் சிற்றூரில் 1897ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்து, தேசபக்தராகிய முத்துரங்க முதலியார் முதலிய உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார். சட்டம் பயின்று 1923ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார். எனினும் பொருளீட்டுதலினும் நாட்டுப் பணியே அவருள்ளத்தைக் கவர்ந்தது. 1930ஆம் ஆண்டு வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டார். 1932ஆம் ஆண்டில் சிறை புகுந்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறைப்பட்டு, 1944ஆம் ஆண்டிலேயே விடுதலை பெற்றார்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூரினின்று சட்டசபைக்குச் சென்ற இவரை, இராஜாஜி தம் ஆட்சியில் பார்லிமெண்டுக் காரியதரிசியாக்கினார். நாடு விடுதலை பெற்ற காலை ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும், பின்னர்க் குமாரசாமி ராஜா அமைச்சரவையிலும் மராமத்துத் துறையை ஏற்று நடத்தினார். ஆயினும் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். ஆண்ட அமைச்சர் பலர் அவ்வாண்டில் வீழ்ந்தனர். அவருள் இவரும் ஒருவர். தோல்வியால் துவண்டு ஒதுங்கினாரல்லர். 1954ஆம் ஆண்டில் காமராஜர் தம் அமைச்சரவையில் இவரைச் சேர்த்துக்கொண்டார். 1957ஆம் ஆண்டிலும் 1962ஆம் ஆண்டிலும் திருப்பெரும்பூதூர் மக்கள் இவரையே தெரிந்தெடுத்தனர். உள்துறையும், அதன்பின் நிதியும் கல்வியும் இவர் பொறுப்பில் அமைந்தன. கட்சிப் பணியின்பொருட்டுக் காமராஜர் பதவி துறந்தபோது, 1963ஆம் ஆண்டு அக்டோபரில் இவர் முதலமைச்சரானார்.

இவராட்சிக் காலம் எளிய காலமன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் ஏழை மக்களை வாட்டின. இவற்றிடையே 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தரானமை தமிழ் கற்றோர் மகிழ்தற்குரிய செய்தி.

இவர்தம் மனவுறுதிக்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும். குமரிமுனைப் பாறையில் விவேகானந்தர் நினைவாலயம் எழுப்புவதற்கு இவர் முதற்கண் இசையவில்லை. பார்லிமெண்டு உறுப்பினர் 323 பேர் கையொப்பமிட்டு வேண்டியபின் இசைந்தார். அவ்வாலயம் 1970ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. பிறர் வேண்டுகோளுக்கு இணங்கியமையால் அவர் பெருமை குன்றவில்லை.

மொழி வகையில் நிகழ்ந்ததோ வேறு. 1964ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ், ஆங்கிலம், இந்தி என்னும் மும்மொழித் திட்டத்தை இவர் சட்டசபையில் முன்மொழிந்தார். 1965ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முதல் இந்தி ஆட்சிமொழியாகும் நிலையில், மாணவர் பெருங்கிளர்ச்சி மூண்டது. சட்டத்தையும் ஒழுங்கையும் காத்தலே தம் கடமையெனக் கருதிய இவர், போலீஸ் படை கொண்டு அதனை அடக்க முற்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அரசாங்கக் கணக்கின்படியே மாண்டோர் எழுபதின்மர் என்பர். மக்களுள்ளத்தில் அத்துயரம் ஆறாப் புண்ணாயிற்று. கிளர்ச்சியை எதிர்க்கட்சியார் தூண்டுதலென்றே கொண்ட இவர், அதனுள் ஒலித்த தாய்மொழிப் பற்றின் ஆழத்தை அளந்தறிந்திலர். நேர்மையாளரும் நீண்ட அனுபவமுடையாரும் இடறும் இடம் இதுவேயாம்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 234 இடங்களுள் 137 வென்றது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். இருமுறை தம்மைத் தேர்ந்த திருப்பெரும்பூதூரிலேயே முதலமைச்சரும், கழக வேட்பாளர் இராசரத்தினம் அவர்களிடம் தோல்வியுற்றார். அவ்வாண்டு மார்ச்சு 6ஆம் நாள் அண்ணாதுரை அவர்கள் ஆட்சிப் பொறுப்பேற்றார். தமிழகத்தின் காங்கிரஸ் முதலமைச்சருள் இறுதியானவர் பக்தவத்சலனாரே. 1987ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கிண்டியில் காந்தி மண்டபத்தையடுத்து அவர் நினைவிடம் உள்ளது. திருமகளார் சரோஜினி வரதப்பன் அவர்கள் சமூகத் தொண்டால் புகழ்பெற்றார்.

அன்பர்காள்! அன்று அவர் வாக்குக் கேட்டுச் சென்ற ஊர்ப்புறங்களில், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஊரின் தோற்றம் மாறினும் அத்தேர்தல் கற்பித்த பாடம் மாறவில்லை. சிறை சென்ற தியாகமும் ஆட்சித் திறனும் மதிக்கத்தக்கனவே; ஆயினும் அவை மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தலுக்கு ஈடாகா. குடும்பத்தை நடத்துவோர்க்கும் சங்கத்தை நடத்துவோர்க்கும் இது பொருந்தும். அவர்தம் தொண்டினைப் போற்றுவோம். தவறினின்று தெளிவு பெறுவோம். இரண்டையும் மறைக்காது நம் மக்கட்குச் சொல்லுதலே பெரியார்க்கு நாம் செய்யும் உண்மையான வணக்கமாகும்.