கடல் கடந்த தந்தைக் கடன்

நெல்லித்தோப்பிலிருந்து கிழக்கே நடந்து பழைய நகருக்குள் நுழைந்தால் நைனியப்பப் பிள்ளை வீதி வரும். நம் வட்டத்து அன்பர்கள் நூற்றுக்கணக்கான முறை அதைக் கடந்திருப்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்த அளவுக்கு, அவருடைய உறவினராகிய இந்த நைனியப்பரை நாம் அறிந்து வைத்திருக்கிறோமா என்பது ஐயமே.

சென்னைப் பக்கத்திலிருந்து இளமையிலேயே புதுவைக்கு வந்து, வணிகத்தால் உயர்ந்தவர் நைனியப்பர். 1708இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக ஆளுநர் எபேர் அவரை அமர்த்தினார். நெசவாளரிடம் துணி கொள்வது முதல் அக்கம்பக்கத்து அரசர்களிடம் தூது பேசுவது வரை தரகர் இன்றிக் கம்பெனிக்கு ஒருநாள் பொழுதும் நகராது. அத்தகைய பதவி கிறித்தவர் அல்லாத ஒருவரிடம் இருப்பதைச் சேசு சபைப் பாதிரிமார் பொறுக்கவில்லை. ஒன்று மதம் மாற வேண்டும், அல்லது பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தி வந்தனர். நைனியப்பர் மாறவில்லை. கிறித்தவ ஏழைகளை அழைத்து அன்னமிட்டுச் செபமாலைகளும் வழங்கினார் அவர். அதுவும் குற்றமாகவே எழுதப்பட்டது!

இடையில் பதவி இழந்திருந்த எபேர் 1715இல் மீண்டும் புதுவைக்கு வந்தபோது காற்று திசை மாறியிருந்தது. அமர்த்திய கையே 1716 பிப்ரவரியில் நைனியப்பரைச் சிறையில் தள்ளியது. அதிகாரக் கொடுமை, ஊரில் கலகம் மூட்டியமை என்பன குற்றச்சாட்டுகள். விசாரணையின் கோலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நைனியப்பருக்குத் தமிழ் தெரியும், போர்த்துக்கேசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. பதிவேடுகளோ பிரெஞ்சில். சேசு சபையாரின் உபதேசியார் மரபில் வந்த ஒருவரே மொழிபெயர்த்தார். தமக்குப் படிக்கத் தெரியாத ஏட்டின் அடியில் தமிழ்க் கையெழுத்தை இட்டார் நைனியப்பர். சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு அந்தக் காட்சி சவுக்கடியினும் கொடிது.

சவுக்கடியும் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தீர்ப்பின்படி, கடைவீதியில் ஊரார் பார்க்க ஐம்பது அடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் தண்டம், சொத்துப் பறிமுதல். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் நண்பர் இராமநாதனும் உடன் தண்டிக்கப்பட்டனர். மூன்றாண்டுகள் முடியவில்லை, 1717இல் கோட்டைச் சிறையிலேயே நைனியப்பர் உயிர் நீத்தார்.

அவருக்கு மைந்தர் மூவர். மூத்தவர் குருவப்பர். தந்தை குற்றவாளியாகவே மாண்டார் என்று ஊர் பேசுவதை அவர்கள் ஏற்கவில்லை. பாரீசுக்கு முறையீடுகள் கப்பலேறின. கப்பல் போய்ச் சேரவே அரையாண்டுக்கு மேலாகும். மறுமொழிக்கு மற்றோர் அரையாண்டு. சேசு சபையாரோடு ஒத்துப்போகாத புறதேச வேதபோதக சபைப் பாதிரிமாரும், சேன்-மாலோ வணிகரும் துணை நின்றனர். அவரவர்க்கு அவரவர் கணக்கு இருந்திருக்கும். ஆயினும் உதவி உதவிதான். 1718இல் எபேரின் ஆட்சி முடிந்து லா பிரவோஸ்தியேர் ஆளுநரானார். தீர்ப்பு செல்லாது என்றாயிற்று; எபேர் நட்டஈடு தரவும் ஆணை பிறந்தது.

குருவப்பர் அதனோடு அமைந்துவிடவில்லை. சென்னை சென்று, இங்கிலாந்து வழியாகப் பிரான்சை அடைந்தார். பாரீசில் ஞானஸ்நானம் பெற்றார். அரசன் சிறுவனாதலின் அவன் பெயரால் நாடாண்ட ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. சார்ல் பிலிப் லூயி குருவப்பர் என்பது புதுப் பெயர். புனித மிக்கேல் அணியின் வீரர் பட்டமும் கிடைத்தது. எந்த மதத்தை ஏற்க மறுத்ததனால் தந்தை அழிந்தாரோ, அந்த மதத்தை ஏற்றே மகன் தந்தையின் பெயரை மீட்டார்! இது தந்தைக்குச் செய்த பெருமையா, பிழையா? முழுக்குப் பெற்ற மகன் எவ்வாறு எள்ளும் நீரும் இறைப்பான்? புதுவைத் திண்ணைகளில் அன்று இதைப் பேசாதிருந்திருப்பார்களா? என் கருத்தைக் கேட்டால், குருவப்பரைக் குறைகூற என் நா எழவில்லை. அந்தத் தொலைவில், அந்த அரண்மனையில், தந்தைக்காக அவர் கொடுக்கக் கூடியதாக இருந்தது தம்மைத்தான். ஆயினும் நைனியப்பர் உயிரோடிருந்து அதைக் கண்டிருந்தால் என்ன எண்ணியிருப்பார் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. நம் கவிஞர்களுள் ஒருவர் இதை எடுத்துப் பாட வேண்டும்.

புதுவைக்குத் திரும்பிய குருவப்பர் தந்தையின் தரகர் பதவியிலேயே அமர்ந்தார். நெடுநாள் இருக்கவில்லை, 1724இல் மறைந்தார். நைனியப்பரை வீழ்த்தியபின் அமர்த்தப்பட்டிருந்த கனகராய முதலியாரிடமே அப்பதவி மீண்டும் சென்றது.

திருவேங்கடம் பிள்ளை புதிய ஆளுநரின் உறுதிமொழியை நம்பிப் புதுவைக்குத் திரும்பி, 1726இல் காலமானார். அவர் தண்டிக்கப்பட்டபோது அவருடைய மகனுக்கு வயது ஏழு. அச்சிறுவன் வளர்ந்து, 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747இல் தாமே தலைமைத் துபாசியும் ஆனார். அவர்தாம் ஆனந்தரங்கர். கம்பெனியாரின் ஏடுகள் பிரெஞ்சில் நிறைந்துகொண்டிருந்த அதே ஊரில், தாம் கண்டதையும் கேட்டதையும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் தமிழில் எழுதி வைத்தார்.