எழுத்தாலும் கட்டடங்களாலும் வாழும் போபால் அரசி

எஹலியகொடவின் இரத்தினக்கல் அகழ்வுக் குழிகளில் கிடைக்கும் கல், பட்டை தீட்டப்பட்ட பின்னரே ஒளிவிடுகின்றது. மனிதத் திறமையும் அவ்வாறானதே. 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பமொன்றில் பிறந்த ஷாஜகான் பேகத்தின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

மத்திய இந்தியாவின் போபால் சமஸ்தானத்தில் 1838ஆம் ஆண்டு பிறந்த இவர், தந்தையை இழந்ததால் சிறு பிராயத்திலேயே ஆட்சிக்குரியவராக ஏற்கப்பட்டார். எனினும் நிர்வாகம் தாயார் சிக்கந்தர் பேகத்தின் கையிலேயே இருந்தது. 1860இல் தாயாரே ஆட்சியாளராக அங்கீகரிக்கப்பட, இவர் மீண்டும் வாரிசு என்ற நிலைக்குத் திரும்பினார். 1868இல் தாயார் மறைந்த பின்னரே ஆட்சிப் பொறுப்பு இவரிடம் வந்தது.

ஆட்சிச் சுமைக்கு மத்தியிலும் அவரது பேனா ஓயவில்லை. ஷிரீன், தாஜ்வர் என்னும் புனைபெயர்களில் உருதுக் கவிதைகள் எழுதினார். போபாலின் வரலாற்றை நூலாக்கினார். இல்லறம், மகப்பேறு, நோய், தையல் என்று பெண்களின் அன்றாட வாழ்வு முழுவதையும் தழுவிய தஹ்ஸீபுன் நிஸ்வான் என்ற நூலை 1889இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் எழுந்த பள்ளிவாசலுக்கு நிதி வழங்கினார். அது இன்றும் அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆனால், அவரது வாழ்வு துயரற்றதாக இருக்கவில்லை. கணவரை 1867இல் இழந்த அவர், 1871இல் மார்க்க அறிஞர் சித்தீக் ஹஸன் கானை மறுமணம் புரிந்தார். பிரித்தானிய அதிகாரிகள் 1885இல் அவரது கணவரின் பட்டங்களைப் பறித்தனர். ஒரே வாரிசான மகள் சுல்தான் ஜஹானுடன் ஏற்பட்ட பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. புற்றுநோயால் 1901இல் அவர் காலமானபோது, அவர் தொடங்கிய தாஜுல் மஸாஜித் பெரும் பள்ளிவாசல் முற்றுப்பெற்றிருக்கவில்லை. 1971இல் மீண்டும் தொடங்கிய அதன் பணிகள் 1985இல் நிறைவெய்தின.

பிணக்குற்றிருந்த அந்த மகளே பின்னர் பெண் கல்விக்காக உழைத்து, 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதலாவது வேந்தரானார். தாய் ஏற்றிய விளக்கு அணையவில்லை என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அரண்மனையில் பிறந்ததால் ஷாஜகான் பேகத்திற்கு ஏடும் எழுத்தும் எளிதில் கிட்டின. சப்ரகமுவ தோட்டங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் கவிதை எழுதும், சித்திரம் தீட்டும் சிறுமியர் உள்ளனர். வறுமையோ, அவசரத் திருமணமோ அவர்களது கையிலுள்ள பேனாவைப் பறித்துவிடக் கூடாது. அவர்களுக்கு அரண்மனை தேவையில்லை. பாடசாலையும் பெற்றோரின் ஆதரவுமே போதுமானவை. அவற்றை வழங்குவது நம் அனைவரினதும் கடமையாகும்.